குளிர் வருமுன் எஞ்சினும் ஆளும் வரட்டும்: கனடாவின் போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். சஸ்காச்சுவான் மாகாணத்தில் பருப்பு வகைகளை வாங்கி, சுத்தம் செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். எந்தக் கிழமை எத்தனை ரயில் பெட்டி வரும், எந்தக் கப்பலுக்கு எந்தச் சரக்கு போய்ச் சேரவேண்டும் என்று கணக்குப் பார்ப்பதுதான் என் பொறுப்பு. டிசம்பர் பிறந்ததும் அந்த வேலை, வருவதாகச் சொல்லி வராமல் போன பெட்டிகளைத் தேடும் வேலையாக மாறிவிடும். ரயில் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தால் ஒரே பதில்தான்: "கடும் குளிர், மன்னிக்கவும்."

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல். ஆங்கிலத்திலும் இதை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே விளையும் மைசூர் பருப்பில் ஒரு பங்கு கொழும்புக்குப் போகிறது. இலங்கையில் பருப்புக் கறி இல்லாத வீடு குறைவு. அந்தப் பருப்பு அந்த மண்ணில் விளைவதில்லை, கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. ரொறன்ரோவில், மொன்றியலில் இருக்கும் எங்கள் சனங்கள் சமைக்கும் பருப்பும் பெரும்பாலும் இந்தப் புல்வெளி மாகாணங்களின் பருப்புத்தான். அது எப்படித் துறைமுகத்துக்குப் போகிறது, ஏன் வழியில் நின்றுவிடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியவேண்டும். அவர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

முதலில், ரயில் நிறுவனங்கள் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்கிறேன். குளிர் ரயிலை உண்மையாகவே மறிக்கிறது. ஒரு சரக்கு ரயிலின் பிறேக் முழுக்கக் காற்றில் இயங்குவது. எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. பெட்டிக்குப் பெட்டி அதை இணைப்பது றப்பர் வளையம் வைத்த குழாய்த் தலைகள். குளிர் -25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அந்த றப்பர் இறுகிச் சுருங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசியும். நூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் உள்ள ரயிலில் இந்தச் சிறு கசிவுகள் எல்லாம் சேர்ந்து, கடைசிப் பெட்டிக்குத் தேவையான அழுத்தம் போய்ச் சேராது. அழுத்தம் சேராவிட்டால் ரயிலை எடுக்க முடியாது. அப்போது ஒருவர் இறங்கி, முழங்கால் அளவு பனியில் ரயிலின் நீளத்துக்கும் நடந்து, எந்த இணைப்பில் 'உஸ்' என்று சத்தம் கேட்கிறது என்று காது கொடுத்துத் தேடவேண்டும். என் மச்சான் ஒருவர் சரக்கு ரயிலில் கொண்டக்டராக, அதாவது எஞ்சின் ஓட்டுநரோடு கூடப் போய் ரயிலைக் கவனிப்பவராக, வேலை செய்கிறார். கையுறையைக் கழற்றினால் விரல் போய்விடும், கழற்றாவிட்டால் குழாயை மாட்ட முடியாது என்று அவர் சொல்லுவார்.

அதனால்தான் கடும் குளிரில் ரயிலின் நீளத்தைக் குறைக்கிறார்கள். அது சரியான முடிவு, பாதுகாப்பான முடிவு. தண்டவாளமும் குளிரில் சுருங்கி வெடிக்கும். அதற்காக வேகத்தையும் குறைக்கிறார்கள். அதிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் கேள்வி அதற்கு அப்பால் தொடங்குகிறது. ஒரு பேச்சுக்கு, ரயிலின் நீளத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை இரண்டு ரயில் கொண்டுபோன சரக்கை இனி மூன்று ரயில்தான் கொண்டுபோக முடியும். மூன்று ரயிலுக்கு மூன்று குழு ஆட்கள் வேண்டும், எஞ்சினும் அதற்கேற்பக் கூடுதலாக வேண்டும். ரயில்கள் மெதுவாகப் போவதால் ஒரு பெட்டி துறைமுகம் போய்த் திரும்ப முன்பைவிடக் கூடுதல் நாள் எடுக்கும். அதனால் பெட்டிகளும் கூட வேண்டும். இங்கே பிரதான பாதையின் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்காக ஒதுங்கு பாதையில் காத்து நிற்கவேண்டும். ரயில்களின் எண்ணிக்கை கூடினால் இந்தக் காத்திருப்பும் கூடும். காத்திருந்து காத்திருந்து ஓட்டுநர் குழுவின் 12 மணி நேர வேலை வரம்பு முடிந்துவிடும். முடிந்த இடத்தில் அவர்கள் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும், அது சட்டம். மாற்றுக் குழுவை வான் வண்டியில் ஏற்றிப் பனிப்பாதையில் கொண்டுவந்து இறக்கவேண்டும். அனுப்ப ஆள் இல்லையென்றால் அந்த ரயில் அங்கேயே நிற்கும், ஒதுங்கு பாதையை அடைத்துக்கொண்டு. அடுத்த ரயில் ஒதுங்க இடமில்லாமல் அதற்கும் முந்திய இடத்தில் நிற்கும்.

ஆக, குளிர் என்பது கூடுதல் எஞ்சினும் கூடுதல் ஆளும் கேட்கிற காலம். கையிருப்பில் அவை இருந்தால் குளிர் ஒரு சிரமமாக வந்து போகும். இல்லையென்றால் பாதை முழுவதும் அடைபட்டுப்போகும். அந்தக் கையிருப்பு இருக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வானிலை அல்ல. அது முந்திய வருடம், ஒரு கூட்ட அறையில், செலவுக் கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகிறது.

இது என் ஊகம் இல்லை. 2013 இல் மேற்குக் கனடாவில் ஏறத்தாழ 76 மில்லியன் தொன் தானியம் விளைந்தது. அதுவரை காணாத விளைச்சல். அந்தக் குளிர்காலமும் கொடியது. ஆனால் அதற்கு முந்திய வருடம்தான், 2012 டிசம்பரில், சி.பி. (கனேடியன் பசிபிக்) ரயில் நிறுவனம் 2016 ஆம் ஆண்டுக்குள் 4,500 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்திருந்தது. அன்றைய தலைமை அதிகாரி ஹன்ரர் ஹரிசனின் கொள்கை, நீளமான ரயில், குறைந்த எஞ்சின், குறைந்த ஆள். பங்குச் சந்தை அதைக் கொண்டாடியது. அடுத்த குளிர்காலத்தில் தானியக் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. விவசாயி விற்ற தானியத்தையே கொண்டுபோய்ப் போட இடமில்லை. வன்கூவர் விரிகுடாவில் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையில் நின்றன. கடைசியில் 2014 மார்ச் 7 அன்று அரசாங்கமே கட்டளை இட்டது: சி.என். (கனேடியன் நாஷனல்), சி.பி. ஆகிய இரண்டு ரயில் நிறுவனங்களும் தனித்தனியே கிழமைக்கு 500,000 தொன் தானியத்தை நகர்த்தவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100,000 டொலர் வரை தண்டம். குளிர் குறையத் தொடங்கிய மாதத்தில் வந்த கட்டளை அது. அதற்குள் விவசாயிகள் பலர் விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கியாகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து அதே கதை. 2017–18 குளிர்காலத்தில் சி.என். தடுமாறியது. 2018 மார்ச்சில் அதன் தலைமை அதிகாரி விலகினார். இடைக்காலத் தலைவராக வந்த ஜே.ஜே. ரூஸ்ற் வாடிக்கையாளர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன். அதோடு, எஞ்சின்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன, ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள், 200 புதிய எஞ்சின்களுக்கான கட்டளை அதற்கு முன்பே, டிசம்பரில், கொடுக்கப்பட்டிருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? எது போதாமல் இருந்தது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. குளிரைக் குறைக்க யாராலும் முடியாது. எஞ்சினும் ஆளும் வாங்க முடியும். அவற்றைத்தான் வாங்கினார்கள், பிந்தி.

பிந்தி வாங்குவதில் உள்ள சிக்கலை உங்கள் அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். ஒரு புதிய கொண்டக்டரைப் பயிற்றுவிக்க ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும். எஞ்சின் ஓட்டுநர் ஆக அதற்கு மேலும் பயிற்சியும் அனுபவமும் வேண்டும். புதிய எஞ்சின் கட்டளை இட்டால் கைக்கு வர மாதக்கணக்கு, சிலவேளை வருடக்கணக்கு. சேமிப்பில் நிறுத்தி வைத்த பழைய எஞ்சினை எடுக்கலாமே என்றால் அதுவும் உடனே முடியாது. டீசல் எஞ்சின்களைக் குளிரவைப்பது உறைதடுப்புத் திரவம் கலக்காத வெறும் நீர். குளிர்காலத்தில் எஞ்சினை ஓடவிட்டே வைத்திருக்கவேண்டும், அல்லது நீரை முழுக்க வடித்துவிடவேண்டும். வடித்து நிறுத்திய எஞ்சினைப் பரிசோதித்து மறுபடி வேலைக்கு எடுக்க நாள் பிடிக்கும். ஜனவரியில் தட்டுப்பாடு என்று கண்டுபிடித்தால் ஜனவரியில் அதைத் தீர்க்க முடியாது. எங்கள் ஊரில் மாரிக்கு முன்னரே கூரை வேய்வார்கள். மழை தொடங்கிய பிறகு கிடுகு பின்ன யாரும் உட்காருவதில்லை.

ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். வேலை குறைந்த மாதங்களில் புதிய ஆட்களை இடைநிறுத்தி அனுப்புவதும், தேவைப்படும்போது கூப்பிடுவதும் இந்தத் துறையில் நெடுங்காலப் பழக்கம். இப்போதெல்லாம் கூப்பிட்டால் பலர் திரும்பி வருவதில்லை. ஏன் வரவேண்டும்? இரவு பகல் என்று இல்லாமல் அழைப்பு வரும். வந்தால் இரண்டு மணி நேரத்தில் யார்டில் நிற்கவேண்டும். மச்சானின் தொலைபேசி சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருவேன் என்று அவர் வாக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆள் குறையக் குறைய, இருப்பவர்களின் மேல் அழைப்பு கூடும். அழைப்பு கூடக் கூட, அவர்களில் இன்னும் சிலர் விலகுவார்கள். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. 2022 ஏப்ரலில் அங்கே ரயில் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான தரைப் போக்குவரத்துச் சபை இரண்டு நாள் அவசர விசாரணை நடத்தியது. பெரிய ரயில் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் தங்கள் ஆட்பலத்தில் 29 சதவீதத்தை, சுமார் 45,000 பேரை, குறைத்துவிட்டன என்று அதன் தலைவர் மாட்டின் ஓபர்மன் வெளிப்படையாகச் சொன்னார். அங்கே பெரிய நிறுவனங்கள் வாராவாரம் சேவை விபரங்களையும் மாதாமாதம் ஆட்பல விபரங்களையும் சபைக்குச் சமர்ப்பிக்க வேண்டி வந்தது.

இந்த இடத்தில் ஒரு பயத்தையும் சொல்லியாகவேண்டும். நெருக்கடி வரும்போதெல்லாம், ஓய்வு நேர விதிகள்தான் தடை, அவற்றைத் தளர்த்தினால் ரயில் ஓடும் என்று ஒரு பேச்சு எழும். 2023 மே மாதம் முதல் சரக்கு ரயில் ஊழியர்களுக்கு நடைமுறையில் இருக்கும் வேலை, ஓய்வு நேர விதிகளைத் தயவுசெய்து தொடவேண்டாம். 2019 பெப்ரவரி 4 ஆம் தேதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்கரியிலிருந்து வன்கூவருக்குப் போன தானிய ரயில், 112 பெட்டி, வெப்பநிலை -28 பாகை. மலைச் சரிவில் அவசர பிறேக் போட்டு நிறுத்தியிருந்தார்கள். முதல் குழுவின் நேரம் முடிந்து மாற்றுக் குழு ஏறியது. அவர்கள் காத்திருந்த வேளையில், உறைகுளிரில் பிறேக் உருளைகளிலிருந்து காற்று கசிந்து, ரயில் தானாகவே உருளத் தொடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபீல்ட் ஊருக்கு அருகே தடம் புரண்டு மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அந்த ரயிலில் இருந்தது எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் தானியம். எங்கள் சரக்கு நேரத்துக்குப் போகவேண்டும் என்று நான் கேட்பது, களைத்துப்போன ஒருவரை மலைப்பாதையில் இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்வதற்காக இல்லை. போதுமான ஆட்களை வைத்திருங்கள் என்பதற்காக.

2024 ஓகஸ்ட் 22 அன்று கனடாவின் இரண்டு பெரிய ரயில் நிறுவனங்களும் ஒரே நாளில் கதவடைத்து, 9,000 இற்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வெளியே நிறுத்தியபோதும், பேச்சுவார்த்தை மேசையில் இருந்த பெரிய விடயம் வேலை நேரமும் ஓய்வும்தான். கட்டாய மத்தியஸ்தத்தால் ரயில்கள் திரும்ப ஓடின. ஆள் பற்றாக்குறையை மத்தியஸ்தம் தீர்க்காது.

சரி, சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. 2018 மே மாதம் நிறைவேறிய போக்குவரத்து நவீனமயமாக்கல் சட்டத்தின்படி, ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 1 இற்கு முன் தானியத் திட்டமும், ஒக்டோபர் 1 இற்கு முன் குளிர்காலத் திட்டமும் ரயில் நிறுவனங்கள் வெளியிடவேண்டும். நான் அவற்றைத் தவறாமல் வாசிக்கிறேன். பனி ஒதுக்கும் இயந்திரங்கள், தண்டவாள மாற்றிகளைச் சூடாக்கும் கருவிகள், ரயிலின் நடுவில் காற்று ஊட்டும் பெட்டிகள், நடுவே பூட்டும் எஞ்சின்கள் எல்லாம் அவற்றில் இருக்கும். எல்லாம் நல்ல விடயங்கள். ரயிலின் நடுவில் காற்று ஊட்டும் பெட்டி ஒரு நல்ல கண்டுபிடிப்பு, கடும் குளிரிலும் ரயிலை ஓரளவு நீளமாக வைத்திருக்க அது உதவுகிறது. ஆனால் அந்தத் திட்டங்கள் வாக்குறுதி அளவில் நிற்கின்றன. சொன்னபடி நடக்காவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

நாங்கள் அப்படி இருக்க முடியாது. எங்கள் களஞ்சியத்துக்கு வந்த பெட்டிகளைக் குறித்த நேரத்துக்குள் நிரப்பிக் கொடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் கட்டவேண்டும். ஞாயிறு இரவு பெட்டி வந்தாலும் சரி, நாங்கள் செவ்வாய் வரும் என்று ஆட்களை ஒழுங்கு செய்திருந்தாலும் சரி, மணிக்கூடு ஓடத் தொடங்கிவிடும். அதே பெட்டி மூன்று கிழமை பிந்தி வந்தால் எங்களுக்குக் கிடைப்பது ஒரு மின்னஞ்சல். கப்பலை விட்டுவிட்டோம் என்றால் கொள்கலன் வாடகை எங்கள் தலையில். கொழும்பில் இருக்கும் வியாபாரி ஒருமுறை பொறுப்பார், இரண்டாம் முறை அவுஸ்திரேலியாவுக்குத் தொலைபேசி எடுப்பார். அவரை நான் குறை சொல்ல முடியாது. இழந்த வியாபாரத்தின் சுமை கடைசியில், அடுத்த வருடம் பருப்பின் விலையாக, விவசாயியின் கையில்தான் போய் இறங்குகிறது.

பரஸ்பரத் தண்டம், அதாவது சேவை தவறினால் ரயில் நிறுவனமும் தண்டம் கட்டவேண்டும் என்ற ஏற்பாடு, 2018 சட்டத்தில் இருக்கிறது, தெரியும். ஆனால் அதைப் பெறுவதற்கு ஒவ்வொரு அனுப்புநரும் சேவை ஒப்பந்தம் கேட்டு, இணங்காவிட்டால் மத்தியஸ்தத்துக்குப் போகவேண்டும். பெரிய தானியக் கம்பனிகளுக்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். இருபது பேர் வேலை செய்யும் ஒரு பருப்பு ஆலை, தன் ஊருக்கு வரும் ஒரேயொரு ரயில் நிறுவனத்தோடு வழக்காடிவிட்டு அடுத்த கிழமை அதே நிறுவனத்திடம் பெட்டி கேட்கவேண்டும். எங்கள் களஞ்சியத்துக்கு ஒரே ஒரு தண்டவாளம்தான் வருகிறது, அமைச்சர் அவர்களே. வேறு கடைக்குப் போகிறேன் என்று சொல்ல எங்களுக்கு வழி இல்லை. பாரவண்டியில் 1,500 கிலோமீற்றருக்கு மேல் மலை தாண்டி வன்கூவருக்கு அனுப்பினால் பருப்பின் விலையை வண்டிக் கூலி தின்றுவிடும். குளிர்காலத்தில் பெரிய ஏரிகளின் கப்பல் பாதையும் மூடப்பட்டுவிடும். ஜனவரியிலிருந்து மார்ச் பிற்பகுதிவரை ஏரிக்கரைத் துறைமுகமான தண்டர் பே வழியே கப்பலில் எதுவும் போகாது. எல்லாப் பாரமும் மேற்குப் பாதையில்தான் வந்து விழும், அந்தப் பாதை மிகக் கஷ்டப்படும் அதே மாதங்களில்.

சும்மா நிற்கும் எஞ்சினுக்கும் ஆளுக்கும் யார் பணம் கொடுப்பது என்று ரயில் நிறுவனங்கள் கேட்கும். நியாயமான கேள்வி. தானியக் கட்டணத்தில் அவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது என்பதும் உண்மை. அதற்கு என் பதில்: அந்தச் செலவை யாரோ ஒருவர் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். விற்க முடியாமல் களஞ்சியத்தில் கிடக்கும் விளைச்சலுக்கு வட்டி கட்டும் விவசாயி கொடுக்கிறார். துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பலுக்குத் தாமதக் கூலி கட்டும் ஏற்றுமதியாளர் கொடுக்கிறார். விடுமுறை இல்லாமல் ஓடும் கொண்டக்டர் தன் உடம்பால் கொடுக்கிறார். கையிருப்பு வைத்திருக்க ஆகும் செலவு கட்டணத்தில் வெளிப்படையாகச் சேரட்டும், அதைப்பற்றி உட்கார்ந்து பேசலாம். சேமிப்பு ஒருவருக்கும் நட்டம் இன்னொருவருக்கும் போகும் இன்றைய ஏற்பாட்டைவிட அது எவ்வளவோ நேர்மையானது.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஒக்டோபர் 1 இற்கு முன் வரும் குளிர்காலத் திட்டங்களில் எண்கள் இருக்கவேண்டும் என்று விதி செய்யுங்கள்: ரயில் நீளம் குறைக்கப்படும் நாட்களுக்கென்று எத்தனை எஞ்சின் தயார் நிலையில் இருக்கும், எந்தப் பிரிவில் எத்தனை தகுதிபெற்ற குழுக்கள் இருக்கும் என்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த எண்களைக் கிழமைக்கொருமுறை, பிரிவு வாரியாக, யாரும் பார்க்கும்படி வெளியிடச் செய்யுங்கள். ஆள் இல்லாமல் நின்ற ரயில்களின் எண்ணிக்கையும் அதில் இருக்கட்டும். சொன்ன அளவு இல்லாமல் பெட்டிகள் பிந்தினால், நாங்கள் கட்டும் அதே தாமதக் கட்டணத்தை அதே வீதத்தில் அவர்கள் எங்களுக்குக் கட்டட்டும். வழக்குப் போடாமல், தானாகவே. ரயில் நீளத்தைக் குறைக்கும் பாதுகாப்பு முடிவுக்காக யாரும் தண்டிக்கப்படக் கூடாது. அந்த முடிவு வரும் என்று தெரிந்தும் ஆயத்தம் செய்யாததற்குத்தான் விலை இருக்கவேண்டும்.

கோடையில் இடைநிறுத்தப்படும் புதிய ஊழியர்களைப் பயிற்சியிலோ பராமரிப்பு வேலையிலோ வைத்திருக்க என்ன செய்யலாம் என்று நிறுவனங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். அந்த மேசையில் சிறிய ஆலைக்காரர் ஒருவருக்கும், விவசாயி ஒருவருக்கும் கதிரை போடுங்கள். வசந்தத்தில் அழைத்தால் விதைப்புக் காலம், யாராலும் வரமுடியாது. ஜூன் பிற்பகுதியில் அழையுங்கள். ரெஜைனாவிலோ சஸ்கற்றூனிலோ வைத்தால் இன்னும் நல்லது. பெட்டிக் கணக்குப் புத்தகங்களோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பருப்பு ஏற்றுமதித் துறையில் வேலை செய்யும் ஒரு சஸ்காச்சுவான் தமிழர்